களுகங்கை: ஓர் ஆற்றின் வரலாறும் தோட்டங்களின் நிலமும்

ஈழத்து ஆறுகளைப் பற்றி எழுதியோரின் பார்வை பெரும்பாலும் வறண்ட வலயத்தை நோக்கியே சென்றுள்ளது. மகாவலியும் மல்வத்து ஓயாவும் வளவை கங்கையும் குளங்களாலும் கால்வாய்களாலும் அணைக்கட்டுகளாலும் வரலாற்றில் இடம்பெற்றன. விற்ஃபோகலின் ‘நீர்ப்பாசனச் சமுதாயம்’ என்னும் கோட்பாட்டை இலங்கைக்குப் பொருத்தலாமா என எட்மண்ட் லீச் 1959இல் எழுப்பிய வினாவும் அவ்வறண்ட வலயத்துக் குளங்களைச் சுற்றியே அமைந்தது. ஈரவலயத்து ஆறுகளோ வரலாற்றாசிரியரைப் பெறவில்லை. அங்கே மனிதன் நீரைத் தேக்கிவைக்கப் பாடுபடவில்லை. வந்த நீர் வடியட்டும் என்றே காத்திருந்தான். தேக்கியவனுக்குக் கல்வெட்டு உண்டு, காத்திருந்தவனுக்கு இல்லை. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் களுகங்கை இத்தகைய ஆறுகளுள் முதன்மையானது. அதன் கரைகளிலும் அதன் கிளையாறுகள் பிறக்கும் சரிவுகளிலும் ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக உழைத்துவரும் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றையும் இவ்வாற்றின் வரலாற்றையும் வேறு வேறாக எழுதமுடியாது என்பதே நமது கருத்து.

முதலில் ஒரு பெயர்க்குழப்பத்தை நீக்கிக்கொள்வது நல்லது. மாத்தளை மாவட்டத்திலும் களுகங்கை என ஓர் ஆறு உண்டு; அம்பன் கங்கையுடன் சேர்ந்து மகாவலிக்குச் செல்வது அது. மொரகஹகந்தை – களுகங்கைத் திட்டத்தில் அணைகட்டப்பட்டது அந்த ஆறே. ‘கறுத்த ஆறு’ எனப் பொருள்படும் பெயர் இரண்டு இடங்களில் வழங்குவதில் வியப்பில்லை. காட்டு நிழலில் ஓடும் ஆறு எங்கும் கறுத்தே தோன்றும். நாம் பேசுவது சிவனொளிபாதமலையின் தென்மேற்குச் சரிவுகளிற் பிறந்து, இரத்தினபுரி நகரைத் தழுவி, மேற்கே திரும்பிக் களுத்துறையில் இந்து சமுத்திரத்தைச் சேரும் ஆற்றைப் பற்றி. அதன் நீளம் 129 கிலோமீற்றர்; அதன் வடிநிலம் ஏறத்தாழ 2,700 சதுரக் கிலோமீற்றர். நாட்டின் மிக நீண்ட ஆறுகளுடன் ஒப்பிடின் இது பெரிதன்று. ஆயின் ஆண்டுக்குச் சராசரியாக 4,000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை பொழியும் நிலத்தின் நீரையெல்லாம் சுமந்துசெல்வதால், கடலிற் கொண்டுசேர்க்கும் நீரின் அளவில் இது இலங்கையின் முன்னணி ஆறுகளுள் ஒன்றாக நிற்கின்றது.

இவ்வாற்றின் இயல்பை அறிய அதன் சரிவை நோக்கவேண்டும். இரண்டாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து புறப்படும் நீர், முதல் முப்பத்தாறு கிலோமீற்றர் தூரத்துக்குள்ளேயே கடல்மட்டத்துக்குச் சில பத்து மீற்றர் மேலாக உள்ள சமநிலத்துக்கு விழுந்துவிடுகின்றது. எஞ்சிய தொண்ணூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தையும் அது மிகச் சிறிய சாய்வில் ஊர்ந்தே கடக்கவேண்டியுள்ளது. ஓடிவந்தவன் வாயிற்படியில் இடறி நிற்பதுபோல மலைநீர் நின்றுவிடும் இடத்திலேதான் இரத்தினபுரி அமைந்துள்ளது. வே கங்கை, தெனவக்க கங்கை, நிரியெல்ல கங்கை, குரு கங்கை முதலியன நகரின் மேலும் கீழும் வந்து கலக்கின்றன. இன்னும் கீழே, சிங்கராசக் காட்டின் வடபுறத்து நீரைக் குக்குளே கங்கை வழியாகப் பெறும் குடா கங்கை வந்து சேர்கின்றது. எனவே தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் வலுக்கும்போது இரத்தினபுரியில் வெள்ளம் வருவது இயற்கையின் நியதியே. மனிதர் தோன்றுமுன்பும் அது வந்திருக்கும். ஆனால் வெள்ளம் யாருடைய வீட்டுக்குள் வருகின்றது, எதைச் சுமந்து வருகின்றது என்பவை இயற்கை தீர்மானிப்பவை அல்ல.

இதே வெள்ளந்தான் இரத்தினபுரிக்கு அதன் பெயரையும் கொடுத்தது. மலையிலிருந்து பெயர்ந்த பாறைத் துணுக்குகளைச் சமநிலத்தில் ஆறு இறக்கிவைத்தபோது, கனமான நீலக்கல்லும் கெம்பும் வைடூரியமும் சரளைப் படிவுகளிலே தங்கின. மாணிக்கக்கல் அகழ்வோர் ‘இல்லம்’ என வழங்கும் இப்படிவுகள் பழைய ஆற்றுப்படுக்கைகளேயன்றி வேறல்ல. இன்று வயலாக உள்ள இடத்தின் கீழே ஒரு காலத்தில் ஆறு ஓடியது. ஆறு தன் தடத்தை மாற்றிக்கொண்டே வந்துள்ளது. கண்டி மன்னர் காலத்தில் மாணிக்கக்கல் மன்னனின் தனியுரிமையாக இருந்தது. எனவே ஆற்றுப்படுக்கையைத் தோண்டும் உரிமை யாருக்கு என்னும் கேள்வி நம் காலத்தில் முளைத்ததன்று.

பழந்தமிழ் நூல்களுள் மணிமேகலை இம்மலையைச் சமனொளி என்னும் பெயராற் குறிக்கின்றது. ஆற்றின் முகத்துவாரத்து ஊருக்குத் தமிழில் வழங்கும் களுத்துறை என்னும் பெயரிலுள்ள ‘துறை’, அது படகேறுமிடமாக விளங்கியதை நினைவூட்டும். சூளவம்சம் காளநதி என இவ்வாற்றைக் குறிப்பிட்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சன் தேவப்பதிராசன் பெந்தோட்டைப் பகுதியிலிருந்து இவ்வாற்றுத்துறை வரை பெருந் தென்னந்தோப்பை அமைத்ததாகக் கூறும். ‘தோட்டம்’ என்னும் சொல்லோடு இவ்வாற்றின் உறவு அங்கேயே தொடங்கிவிடுகின்றது எனலாம். ஆனால் மன்னனின் அமைச்சன் நட்ட தோப்புக்கும் பிரித்தானியக் கம்பனியின் தோட்டத்துக்குமிடையே உள்ள வேறுபாடு வெறும் அளவு வேறுபாடன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் இரத்தினபுரிக்கான பிரதான நெடுஞ்சாலை ஆறே. பாக்கும் காரீயமும் கோப்பியும் படகுகளிலே களுத்துறைக்கு இறங்கின. உப்பும் துணியும் அரிசியும் அதே வழியில் மேலேறின. சிவனொளிபாதமலைக்குச் சென்ற யாத்திரிகருட் பலர் இரத்தினபுரி வரை படகிற் சென்று, அங்கிருந்து கிலிமலை, பலாபத்தலை வழியாக மலையேறினர். களனிவெளிக் குறுகிய புகையிரதப் பாதை 1902இல் அவிசாவளையையும் 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் அடைந்தது. அதன்பின் ஆறு போக்குவரத்துப் பாதையாக இருந்ததை ஊர் மெல்ல மறந்தது. இம்மறதி முக்கியமானது. தன் வாழ்வாதாரம் ஆற்றின்மேற் போகின்றது என்பதைக் கண்ணாற் காணும் வணிகன் அதன் படுக்கையில் மண் சேர்வதைக் கவனிப்பான். புகையிரதத்தில் ஏறியவனுக்கு ஆறு யன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி மாத்திரமே. அப்புகையிரதமும் நிலைக்கவில்லை, அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி நோக்கிச் சென்ற பாதை 1970களில் மூடப்பட்டது.

ஆற்றின் வரலாற்றில் உண்மையான திருப்பம் ஆற்றங்கரையில் நிகழவில்லை. அது சட்டப் புத்தகத்தில் நிகழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நில ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம், உறுதி காட்டமுடியாத காட்டு நிலங்களையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவையாகக் கொண்டது. 1897ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச்சட்டம் அவ்வேலையைத் தொடர்ந்தது. கிராமத்தவர் விறகுக்கும் சேனைக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுத்திய சரிவுகள் இவ்வாறு விற்பனைப் பொருள்களாயின. கோப்பி வந்தது, 1869 முதல் பரவிய இலைநோயால் அழிந்தது, தேயிலை வந்தது, 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த இறப்பர்க் கன்றுகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் விலை ஏறியபோது, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களின் தாழ்ந்த குன்றுகளை மூடின. நிலத்தை இழந்த சிங்கள விவசாயியும் நிலமே இல்லாமல் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளியும் ஒரே ஆற்றின் இரு படிகளில் வைக்கப்பட்டனர். மேலே லயம், கீழே வயல். இருவருக்குமிடையே பின்னாளில் வளர்க்கப்பட்ட பகையின் புவியியல் அடிப்படை இதுவே எனக் கருதுகிறோம்.

மலைக்காடுகளை அழிப்பதன் விளைவை அக்காலத்து ஆட்சியாளர் அறியாதிருந்தனர் என்று சொல்வதற்கில்லை. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோசப் ஹூக்கர் 1873இல் இது குறித்து எச்சரித்தார். அதன் பயனாக 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளைத் தோட்டங்களுக்கு விற்பது நிறுத்தப்பட்டது. சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடு இன்றும் எஞ்சியிருப்பதற்கு இக்கோடும் அம்மலையின் புனிதமும் 1940இல் அப்பகுதி சரணாலயமாக்கப்பட்டதும் காரணங்களாகும். ஆயின் சப்பிரகமுவவுக்கு இக்கோட்டினாற் கிடைத்தது சொற்பம். பெல்மதுளை, காவத்தை, நிவித்திகலை, குருவிட்ட ஆகிய பகுதிகளின் தோட்டங்களிற் பெரும்பாலானவை இவ்வெல்லைக்கு மிகக் கீழே உள்ளவை. ஆற்றின் தலை காக்கப்பட்டது; தோளும் நெஞ்சும் கைவிடப்பட்டன.

இங்கே தோட்டத்துப் பயிர்ச்செய்கை முறை ஒன்றைச் சற்று விரிவாக நோக்கவேண்டும். ஆற்றின் வரலாற்றில் அது எந்த மன்னனை விடவும் பெரிய பங்கு வகித்தது. கோப்பிக் காலத்திலிருந்தே ஒரு புல்லும் தலைகாட்டாத மலையே நல்ல துரையின் அடையாளமாகக் கருதப்பட்டது. தேயிலை வரிசைகளுக்கிடையே சுரண்டியால் மண்ணைச் சுரண்டிப் புல்லெடுத்தனர். ஒவ்வொரு சுரண்டலிலும் புல்லோடு மேல்மண்ணும் பெயர்ந்தது. அடுத்த மழையில் அது கானுக்கும், கானிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து களுகங்கைக்கும் போயிற்று. தூளாக்கிய மண்ணின்மீது ஆண்டுக்கு 4,000 மில்லிமீற்றர் மழை விழுந்தால் என்னவாகும் என்பதை அறிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. எனினும் ஆட்சியாளர் ஒரு குழுவை அமைத்தே அதனை அறிந்தனர். மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. மண் பாதுகாப்புச் சட்டமோ சுதந்திரத்தின் பின்னரே, 1951இல், 25ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. இருபது ஆண்டு இடைவெளியில் ஆறு எவ்வளவு மண்ணைச் சுமந்தது என்பதைக் கணக்கிடுவார் எவருமில்லை.

சுரண்டியைப் பிடித்த கை யாருடையது? கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தோட்டத்தார் மண்ணைக் கெடுத்தனர் என்னும் பேச்சு இன்றும் கேட்கின்றது. துரையின் கட்டளைப்படி, கங்காணியின் மேற்பார்வையில், பேருக்கு உழைத்தவர் தொழிலாளர். எந்தச் சரிவில் எதை நடுவது, எங்கே கல்லணை கட்டுவது, எந்த ஓடைக்கரையில் மரத்தை விடுவது என்பனவற்றுள் எதனையும் அவர் தீர்மானிக்கவில்லை. மறுபுறம், மண்ணைக் காத்த வேலையும் அவர்தம் கைகளாலேயே நடந்தது. கான் வெட்டுதல், கானில் சேர்ந்த மண்ணை அள்ளி மறுபடி மேலே போடுதல், கல் அடுக்குதல், முள்ளுக்குத்துதல் ஆகிய இவையெல்லாம் அவர் செய்தவையே. தோட்டத்துச் செக்றோலிலே ‘கான் வெட்டு’ என எதிரே குறிக்கப்பட்ட பெயர்கள், நம் நாட்டின் மண் பாதுகாப்பு வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கவை. அவற்றை அவ்வாறு வாசிக்க ஆய்வாளர் இன்னும் முன்வரவில்லை.

நீர் மிகுந்த நாட்டில் நீரின்மையும் கொல்லும் என்பதை 1934–35ஆம் ஆண்டுகள் காட்டின. இது களுகங்கையின் கதையன்று. வடக்கே, கேகாலை மாவட்டத்தினூடாகச் செல்லும் மகா ஓயாவினதும் அதன் அயலாறுகளினதும் கதை. 1934இல் மழை பொய்த்தபோது ஓடும் ஆறுகள் வற்றிப் படுக்கையிலே குட்டைகளாயின. அக்குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகிற்று. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்; மிகக் கொடிய பாதிப்பைக் கண்ட இடங்களுட் கேகாலை முக்கியமானது. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர் மருந்தும் உணவும் சுமந்து அக்கிராமங்களுக்குச் சென்றனர். அவர்களே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருள் முதன்மையானோர். 1936இல் என். எம். பெரேரா ருவன்வெல்லைத் தொகுதியிலும் பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் வென்றமைக்கு இந்த ஆற்றோரத்துப் பணியும் ஒரு காரணம். இலங்கையின் இடதுசாரி இயக்கத்தின் தொடக்கத்தை வற்றிய ஆற்றுப்படுக்கையிலே தேடவேண்டியிருப்பது சிந்திக்கத்தக்கது.

பெருவெள்ளங்களுள் 1947 ஓகஸ்ட் மாதத்து வெள்ளம் நீண்ட காலம் அளவுகோலாக நின்றது. களனியும் களுகங்கையும் ஒன்றாகப் பெருகிய அவ்வாண்டிலேயே பொதுத்தேர்தல் நடந்தது. தோட்டத் தொழிலாளர் அதில் வாக்களித்தனர். அடுத்த ஆண்டில் அவர்கள் குடியுரிமையை இழந்தனர். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. நிலச் சீர்திருத்தம் 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. ஆயின் காணி பங்கிடப்பட்டபோது அதிலே உழைத்தவர் பங்காளர் ஆகவில்லை. 1977இலும் 1981 ஓகஸ்டிலும் 1983 யூலையிலும் சப்பிரகமுவத் தோட்டங்களில் நடந்த வன்செயல்கள் பல குடும்பங்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. ஈரவலயத்து ஆற்றைவிட்டு வறண்ட வலயத்துக் குளக்கரைக்குச் சென்ற அம்மக்களின் பெயர்ச்சியும் இவ்வாற்றின் வரலாற்றில் அடங்கும்.

மாணிக்கக்கல் அகழ்வு இக்காலத்திலேயே புதிய வடிவம் பெற்றது. 1971இல் அரச மாணிக்கக்கல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை அதன் இடத்தைப் பெற்றது. மரச்சட்டம் நிறுத்தி, புல்லும் பன்னமும் செருகி, கூடையில் இல்லம் அரித்த பழைய குழி, வேலை முடிந்தபின் மூடப்படுவதாயின் ஆற்றுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. ஆற்றுப்படுக்கையையும் கரையையும் பாரிய மண்வெட்டும் இயந்திரங்களாற் புரட்டுவது வேறு. கரை சரிகின்றது, கலங்கிய மண் கீழே போய்ப் படிகின்றது, மூடாத குழிகள் நுளம்புக்கு இடமாகின்றன. குழியில் இறங்குபவன் பங்குக்கு உழைக்கும் ஏழை. இயந்திரத்தின் சொந்தக்காரன் வேறொருவன். சட்டம் கைப்பற்றுவது பெரும்பாலும் முன்னவனையே.

சிங்கராசக் காட்டின் கதை ஓரளவு ஆறுதல் தருவது. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக அக்காட்டில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டத் தொடங்கினர். பொதுமக்களும் விஞ்ஞானிகளும் எதிர்த்தனர். 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் அக்காடு உலக மரபுரிமைத் தலமாயிற்று. குக்குளே கங்கையிலும் பெரும் நீர்த்தேக்கம் கட்டும் எண்ணம் கைவிடப்பட்டு, ஓடும் நீரைத் திருப்பி மின்னெடுக்கும் நிலையமே 2003இல் இயங்கத் தொடங்கியது. பொதுமக்கள் குரல் எழுப்பிய இடங்களில் ஆறு பிழைத்தது எனச் சொல்லலாம். ஆயினும் காட்டுக்காக எழுந்த குரல் தோட்டத்துச் சரிவுகளுக்காக எழவில்லை. தோட்டம் இயற்கையாக எண்ணப்படவில்லை, கிராமமாகவும் எண்ணப்படவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ்த் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடை இருந்தது. அது 2018இலேயே திருத்தப்பட்டது. லயத்துக் கழிவுநீர் ஓடைக்குள் விழுகின்றது எனக் குறைகூறுவோர், அதனைத் தடுக்கும் வடிகாலைக் கட்டச் சட்டப்படி எவருக்கும் வழியில்லாதிருந்த முப்பது ஆண்டுகளையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

1992இல் தோட்டங்கள் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. இறப்பர் விலை சரிந்தபோது சில கம்பனிகள் சரிவுகளில் முள்ளுத்தேங்காயை நட்டன. ஓடைகள் வற்றுகின்றன என்னும் முறைப்பாடு கிராமங்களிலும் தோட்டங்களிலும் ஒருங்கே எழுந்தது. லயத்தானும் ஊரானும் ஒரே பக்கம் நின்ற அரிய சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று. 2021 ஏப்ரலில் அரசாங்கம் அப்பயிரைத் தடைசெய்தது. வேலையாட்கள் குறைந்த தோட்டங்களிலே கான் வெட்டும் வேலையும் அருகிவிட்டது. மண்ணைத் தாங்கிய கான்கள் தூர்ந்தால் நீர் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும்.

2003 மே 17ஆந் திகதி அவ்வாறு வெட்டிக்கொண்டது. 1947இன் பின் இரத்தினபுரி கண்ட மிகப் பெரிய வெள்ளம் அது. மண்சரிவுகளும் சேர்ந்து தென்மேற்கில் இருநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டன. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமற் போயும் விட்டனர்; அதே நாள்களிற் புலத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பும் புதையுண்டது. அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் களுகங்கை மீண்டும் பெருகியது. இரத்தினபுரியும் களுத்துறையும் மூழ்கின. அவ்வெள்ளத்தை வடியச் செய்வதற்காக முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டினர். நீர் வடிந்தது, ஆயின் வெட்டிய வாயிலூடாகக் கடல் உள்ளே வந்தது. கலிடோ கடற்கரை அரிக்கப்பட்டது. பின்னர் வேறிடத்திலிருந்து மணலைக் கொண்டுவந்து அதனை நிரப்பவேண்டியிருந்தது. படுக்கையில் மணல் அள்ளப்பட்டு ஆழமான கீழாற்றில், கோடைக் காலத்தில் உப்புநீர் பல கிலோமீற்றர் மேலேறிக் களுத்துறையின் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டுகின்றது. மேலே மிகையான மண், கீழே போதாத மணல். ஒரே ஆற்றின் இரு முனைகளிலும் நேர்மாறான இவ்விரு குறைகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. மேலிருந்து வருவது சேறு. கீழே அள்ளப்படுவது மணல். முன்னது பின்னதன் இடத்தை நிரப்புவதில்லை.

ஆற்றங்கரை ஒதுக்கத்தில் மூங்கிலும் கும்புக்கும் நடவேண்டும் என்பது இன்று எல்லா அறிக்கைகளிலும் காணப்படும் ஆலோசனை. அது சரியானதே. ஆயின் தோட்டத்து ஆற்றங்கரையில் யார் நடுவது? நட்ட மரத்தின் நிழல் யாருக்கு? குடியிருக்கும் லயத்தின் அறைகூடத் தனக்கு உரித்தில்லாதவனிடம், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாற் குடியுரிமை முழுமையாகப் பெற்றும் ஒரு துண்டுக் காணிக்கு உறுதியில்லாதவனிடம், முப்பது ஆண்டு கழித்துப் பயன்தரும் மரத்தை நட்டுக் காக்கும்படி கேட்கிறோம். கிராமத்துச் சிறுதோட்டக்காரன் தன் தேயிலைக் காணியின் ஓரத்திலே கல்லணையைக் கட்டிக் காப்பது அறிவு மிகுதியால் மாத்திரமன்று. காணி அவனுடையது என்பதாலுமாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்பொழுது ஒவ்வொரு மழைக்காலத்திலும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கின்றது. சிவப்பு எச்சரிக்கை வந்ததும் சரிவிலுள்ள லயங்களின் குடும்பங்கள் பாயும் பாத்திரமும் பிள்ளைகளின் புத்தகப் பையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ இறங்குகின்றன. மாற்றுக் காணி பற்றிய பேச்சு அங்கே நடைபெறும். அதிகாரிகள் பெயர்களை எழுதிக்கொள்வர். மழை விட்டு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பீலியில் தண்ணீர் தெளிந்ததும், பாடசாலையைத் திறக்கவேண்டும் என்பதால் அவர்கள் அதே லயங்களுக்கு ஏறிப்போகின்றனர்.